பாஸ்டன் டீக்கும் லெக்ஸிங்டன் துப்பாக்கிக்கும் நடுவுல 16 மாசம்: ஜனங்க என்னதான் பண்ணாங்க?

நித்யா_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, நேத்து ராத்திரி அமெரிக்கப் புரட்சி பாடம் சொல்லிக் குடுத்துட்டிருந்தேன். 1773 டிசம்பர் 16 பாஸ்டன்ல டீப் பெட்டிய கடல்ல கொட்டினாங்க, இங்கிலாந்துக்குக் கோவம் வந்து தண்டனைச் சட்டங்கள் போட்டுச்சு, 1775 ஏப்ரல் 19 லெக்ஸிங்டன்ல சண்டை ஆரம்பிச்சுது, இவ்ளோதான் நோட்ஸ்ல இருக்கு. அவ கேக்குறா, "ஏம்மா, நடுவுல 16 மாசம் இருக்கே, சட்டம் போட்டவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கான், இங்க இருக்கறவங்க அதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தாங்க"ன்னு. எனக்கு பதில் தெரியல. தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ், ஜெனரலா "எதிர்த்துப் போராடினார்கள்"னு வேண்டாம், அது கைடுலயே இருக்கு.

பழையகாகிதம்:
அந்த 16 மாசம்தான் மேடம் மொத்தப் புரட்சியும், எனக்கு அப்படித்தான் தோணுது, நான் பல வருஷமா இந்த ஒரு காலகட்டத்த மட்டும் தேடித் தேடிப் படிச்சிட்டிருக்கேன். மொதல்ல சட்டம் என்னன்னு சுருக்கமா சொல்லிடுறேன், பிரதமர் லார்ட் நார்த் 1774 மார்ச்ல ஆரம்பிச்சு வரிசையா கொண்டு வர்றாரு. பாஸ்டன் துறைமுகத்த ஜூன் 1லேர்ந்து மூடணும், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு டீ நஷ்டத்தக் கட்டி ராஜாவுக்கும் திருப்தி ஆனாத்தான் திறக்கும். பாஸ்டன் இருக்குற மாசசூசெட்ஸ் காலனியோட ஆட்சி முறையையே மாத்துறது ரெண்டாவது. அரசு அதிகாரி மேல கொலைக் கேஸ் வந்தா விசாரணைய வேற காலனிக்கோ இங்கிலாந்துக்கோ மாத்தலாம்ங்கறது மூணாவது. படைக்கு இடம் ஒதுக்குறது நாலாவது. அதே சமயத்துல கியூபெக் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, அது தண்டனையா போட்டது இல்ல, ஆனா ஓஹையோ பக்கத்து நிலத்தையெல்லாம் கியூபெக்கோட சேத்து கத்தோலிக்கர்களுக்கு வழிபாட்டு உரிமையும் குடுத்ததால நியூ இங்கிலாந்து (மாசசூசெட்ஸும் அதச் சுத்தின காலனிகளும்) புராட்டஸ்டன்ட் ஜனங்க அதையும் இதே கணக்குல சேத்துட்டாங்க.

எல்லாரும் துறைமுகச் சட்டத்தத்தான் பெருசா பேசுவாங்க. என் கருத்து வேற, ரெண்டாவது சட்டம்தான் நெருப்பு வச்சது. ஏன்னா துறைமுகம் மூடினா பாஸ்டன்காரனுக்குத்தான் வலி, ஆனா ரெண்டாவது சட்டம் ஒவ்வொரு ஊர்லயும் நடக்குற ஊர்க்கூட்டத்துல கை வச்சிடுச்சு. வருஷத்துக்கு ஒரு கூட்டம்தான், அதுக்கு மேல நடத்தணும்னா கவர்னர் அனுமதி. அதுவரைக்கும் தேர்ந்தெடுத்துட்டிருந்த மேல்சபை கவுன்சில ராஜாவே நியமிப்பாரு. ஜூரிய ஷெரீஃப்ங்கற மாவட்ட அதிகாரி பொறுக்குவாரு, அந்த ஷெரீஃப நியமிக்கறது கவர்னர். பாஸ்டனையே பாக்காத விவசாயி கூட தன் வீட்டு வாசல்ல இத உணர்ந்தான்.

கடல்நண்டு:
நான் துறைமுகத்துல ஷிப்பிங் ஏஜென்சி ஆபீஸ்ல வேலை பாக்குறேன், அதனால பழையகாகிதம் சார் மொத சட்டத்த இவ்ளோ லேசா தாண்டிப் போறது எனக்கு ஒத்துக்கல. துறைமுகம் மூடுறதுன்னா கப்பல் நிக்கறது மட்டும் இல்ல சார். லோடுமேன், வண்டிக்காரன், கயிறு திரிக்கிறவன், பாய் தைக்கிறவன், பீப்பாய் செய்றவன், கப்பல்காரனுக்கு ரொட்டி சுடுறவன், இவங்க எல்லாருக்கும் அன்னிக்கு சாயங்காலமே கூலி கிடையாது. புயல் எச்சரிக்கைக்கு நாலு நாள் வேலை நின்னாலே கேட்டுக்கு வெளிய தினக்கூலி ஆளுங்க முகத்தப் பாக்க முடியாது, எங்களுக்குத் தெரியும். பாஸ்டன் அப்ப 15,000 பேருக்கு மேல இருக்குற ஊரு, கிட்டத்தட்ட தீவு மாதிரி, ஒரு ஒல்லியான மண் பாதைதான் வெளி ஊரோட சேக்குது. உணவும் விறகும் வரலாம்னு சட்டத்துல விட்டாங்க, ஆனா அதுக்கும் சோதனை அது இதுன்னு ஆயிரம் கெடுபிடி, மத்த சரக்கெல்லாம் பக்கத்து துறைமுக ஊருங்க மார்பிள்ஹெட்ல, சேலம்ல (நம்ம சேலம் இல்ல) இறக்கி தரை வழியா வண்டில சுத்திக் கொண்டு வரணும். பத்து மாசத்துக்கும் மேல இப்படித்தான் அந்த ஊர் பொழச்சிருக்கு.

பழையகாகிதம்:
சரிதான் கடல்நண்டு, நான் வேகமா போயிட்டேன். நீங்க சொன்ன அந்த சேலத்துல ஒரு விஷயம் நடந்துச்சு. பாஸ்டன்லேர்ந்து தலைநகரத்தையும் சுங்கத்தையும் எடுத்து அங்கதான் கொண்டு போறாங்க, அதாவது பக்கத்து ஊர்க்காரனுக்கு லாபம் காட்டி பாஸ்டன தனியா பிரிக்கிறது. ஆனா சேலம் வியாபாரிங்க புது கவர்னரா வந்த படைத்தளபதி கேஜ் கிட்டயே எழுதிக் குடுத்துட்டாங்க, பக்கத்து ஊர்க்காரன் கஷ்டத்துல நாங்க பணக்காரங்க ஆக மாட்டோம்னு. மார்பிள்ஹெட்காரங்க தங்களோட துறைய பாஸ்டன் வியாபாரிங்க பயன்படுத்திக்கலாம்னு சொன்னாங்க, மீனும் அனுப்பினாங்க. தெற்கு கரோலினாலேர்ந்து அரிசி வந்துச்சு. கனெக்டிகட்ல விண்டம்ங்கற ஊரு 258 ஆடு அனுப்பிச்சு, இஸ்ரேல் புட்னம்ங்கற பழைய படைவீரர் தானே 125 ஆட்ட ஓட்டிக்கிட்டு பாஸ்டன் வந்தாரு. இந்த உதவிய வாங்கின பாஸ்டன் கமிட்டி சும்மா பிரிச்சுக் குடுக்கல, வேலை இழந்தவங்கள வச்சு தெருவுக்குக் கல்லு பாவினாங்க, செங்கல் சூளை போட்டாங்க, கூலியா குடுத்தாங்க.

திண்ணைவாசி:
ஒரே பக்கமா போகுது. நானும் கொஞ்சம் படிச்சிருக்கேன். 1773 டீ சட்டத்தால டீ விலை குறைஞ்சுதுங்க, ஏறல. கம்பெனி கடன்ல மூழ்கிட்டிருந்துச்சு, அத தூக்கி விட நேரா காலனில வித்துக்கன்னு விட்டாங்க, பவுண்டுக்கு மூணு பென்ஸ் பழைய வரி மட்டும் அப்படியே இருந்துச்சு. அடி வாங்கினது யாரு, ஹாலந்து டீயக் கடத்தி வித்துட்டிருந்த வியாபாரிங்க. அவங்க தூண்டி விட்டு 342 பெட்டி அடுத்தவன் சரக்க கடல்ல போட்டாங்க, கிட்டத்தட்ட 10,000 பவுண்டு நஷ்டம். எந்த அரசாங்கம் சும்மா இருக்கும்? நஷ்டத்தக் கட்டிட்டுப் போயிருந்தா துறைமுகம் திறந்திருக்கும்ல?

பழையகாகிதம்:
கட்டிடலாம்னு சொன்னவங்க அங்கயே இருந்தாங்க திண்ணைவாசி, நீங்க சொல்றது கற்பனை இல்ல. பெஞ்சமின் ஃபிராங்க்ளினே லண்டன்லேர்ந்து நஷ்ட ஈடு குடுத்துடுங்கன்னு எழுதினாரு. பாஸ்டன்ல நூத்துக்கு மேல வியாபாரிங்க எங்க பங்க நாங்க தர்றோம்னு கையெழுத்துப் போட்டாங்க. வர்ஜீனியால ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு நண்பருக்கு எழுதின கடிதத்துல, டீய அழிச்சத நாங்க சரின்னு சொல்லல, ஆனா பாஸ்டனோட பிரச்னை இப்ப மொத்த அமெரிக்காவோட பிரச்னைன்னு எழுதுறாரு. எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியமா படுது. டீய கொட்டினது தப்புன்னு நினைச்ச ஆளு கூட, குத்தம் பண்ணின அம்பது நூறு பேர விட்டுட்டு ஒரு ஊரையே விசாரணை இல்லாம தண்டிச்சதும் அந்தப் பக்கம் சாய்ஞ்சுட்டாரு. கடத்தல் வியாபாரி பேச்சு பாஸ்டனுக்குப் பொருந்தும், மலைப்பக்கம் பெர்க்ஷயர்ல ஏர் ஓட்டிட்டிருந்தவனுக்கு டீ கடத்தல்ல என்ன பங்கு இருக்கு?

வர்ஜீனியான்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, துறைமுகம் மூடுற ஜூன் 1 அன்னிக்கு விரதம் இருந்து பிரார்த்தனை பண்ணணும்னு அந்த ஊர் சட்டசபை தீர்மானம் போட்டுச்சு. வெறும் விரதம்தான், அதுக்கே கவர்னர் டன்மோர் மே 26 சபையக் கலைச்சுட்டாரு. மறுநாள் அதே உறுப்பினர்கள் வில்லியம்ஸ்பர்க்ல ராலே விடுதில கூடி, எல்லா காலனியும் சேர்ந்து ஒரு மாநாடு நடத்தணும்னு கேட்டாங்க.

வக்கீல்_குமாஸ்தா:
கோர்ட்டு பக்கம் நான் சொல்றேன், இருபது வருஷமா கட்டு தூக்குறவன். அந்த மூணாவது சட்டத்துக்கு காலனி ஜனங்க வச்ச பேரு "கொலைச் சட்டம்". ஏன்னா சிப்பாய் இங்க சுட்டுட்டு விசாரணைக்கு லண்டன் போயிட்டா சாட்சி சொல்ல எவன் வேலைய விட்டுட்டு ரெண்டு மாசம் கப்பல்ல போவான்? இதுல அவங்களுக்கு அவமானமும் இருந்துச்சு. 1770ல பாஸ்டன்ல சிப்பாய்ங்க சுட்டு அஞ்சு பேர் செத்தாங்களே, அந்தக் கேஸ அதே பாஸ்டன் கோர்ட்டுதான் நடத்துச்சு. ஜான் ஆடம்ஸ் சிப்பாய்ங்களுக்கு ஆஜரானாரு, ஆறு பேர் விடுதலை, ரெண்டு பேருக்கு கொலைக்குற்றம் இல்ல, அதுக்குக் கீழ உள்ள குற்றம்னு சொல்லி கட்டைவிரல்ல சூடு போட்டு விட்டாங்க. ஊரே கொதிச்சுக் கிடந்தப்ப இவ்ளோ நேர்மையா நடத்தின கோர்ட்டுக்கு நியாயம் தெரியாதுன்னு சட்டம் போட்டா எப்படி இருக்கும்?

அப்புறம் ஊர்க்கூட்டத் தடைய பாஸ்டன்காரங்க எப்படி சமாளிச்சாங்க தெரியுமா, வாய்தா. புதுக் கூட்டம் கூட்டத்தானே அனுமதி வேணும், நாங்க புதுசா கூட்டல, சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஆரம்பிச்ச கூட்டத்தத்தான் ஒத்தி வச்சு ஒத்தி வச்சு நடத்துறோம்னுட்டாங்க. இப்படியே போனா பத்து வருஷத்துக்கு இழுப்பீங்களேன்னு கேஜே கேட்டாராம். ஆகஸ்ட் 30 பாஸ்டன்ல உயர் கோர்ட்டு கூடினப்ப கூப்பிட்ட ஜூரிங்க எல்லாரும் ஒருத்தர் விடாம உறுதிமொழி எடுக்க மாட்டோம்னு எழுந்து நின்னுட்டாங்க, அதுல வெள்ளி வேலை செஞ்ச, புரட்சில பேர் வாங்கின பால் ரிவியரும் ஒருத்தர். ஜூரி இல்லாம கேஸ் எப்படி நடக்கும், நீதிபதி கேஸ் கட்ட மூடிட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

பனங்காடு:
ஒரு சந்தேகம் அண்ணை. படையளை ஆக்களின்ர வீடுகளுக்குள்ள கொண்டுவந்து விட்டவை எண்டுதான் நான் பள்ளிக்கூடத்தில படிச்சனான். நீங்கள் "இடம் ஒதுக்குறது" எண்டு மட்டும் எழுதியிருக்கிறியள். எது சரி?

பழையகாகிதம்:
நல்லா கேட்டீங்க பனங்காடு, இது ரொம்ப பேர் தப்பா சொல்ற விஷயம். 1774 சட்டத்துல இருக்கறது ஆள் இல்லாத வீடு, கொட்டகை, களஞ்சியம் மாதிரி கட்டடங்கள கவர்னர் எடுத்துக்கலாம்ங்கறதுதான், குடும்பம் இருக்குற வீட்டுக்குள்ள சிப்பாய திணிக்கிற அதிகாரம் அதுல இல்ல. ஆனா பிரச்னை வேற வழில வந்துச்சு. கேஜ் குளிர்காலத்துக்கு முன்னாடி பாராக்ஸ் கட்ட ஆள் தேடினாரு, செப்டம்பர்ல பாஸ்டன் தச்சனுங்க கொத்தனாருங்க வேலைய போட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. நியூயார்க்லயும் ஆள் கிடைக்கல, கடைசில இப்ப கனடால இருக்குற ஹாலிஃபாக்ஸ்லேர்ந்து கொண்டு வந்தாங்க. செங்கல் ஏத்தி வந்த படகு மூழ்கும், படைக்குப் போன வைக்கோல் எரியும், விறகு வண்டி கவிழும். அந்தத் தச்சனுங்களுக்கு துறைமுகம் மூடி வருமானமே இல்லாத நேரம் அது, கைல வந்த கூலிய வேண்டாம்னு போனவங்கள நினைச்சா எனக்கு இப்பவும் மரியாதையா இருக்கு.

நித்யா_அம்மா:
இதெல்லாம் புதுசா இருக்கு, நன்றி. கிராமத்துப் பக்கம் என்ன ஆச்சு, அதையும் சொல்லுங்களேன்?

பழையகாகிதம்:
வர்றேன் மேடம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

ஆகஸ்ட் 16, கிரேட் பாரிங்டன்ங்கற மலைப்பக்க ஊர்ல 1,500 பேர் போல வந்து கோர்ட்டு வாசல்ல நின்னாங்க, நீதிபதிங்க உள்ள போகவே முடியல, கோர்ட்டு நடக்கல. ஆகஸ்ட் 30 ஸ்பிரிங்ஃபீல்டுலயும் அதேதான். செப்டம்பர் 1 விடியக்காலைல கேஜ் படைய அனுப்பி பாஸ்டனுக்குப் பக்கத்துல இருந்த வெடிமருந்துக் கிடங்கக் காலி பண்ணிட்டாரு, உடனே ஒரு வதந்தி, பாஸ்டன் மேல குண்டு போடுறாங்கன்னு. ஒரே ராத்திரில ஆயிரக்கணக்குல ஆளுங்க துப்பாக்கிய எடுத்துட்டு பாஸ்டன் பக்கம் நடக்க ஆரம்பிச்சிட்டாங்க, பாதி வழில பொய்னு தெரிஞ்சுதான் திரும்பினாங்க. மறுநாள் கேம்பிரிட்ஜ்ல துணை கவர்னர் தாமஸ் ஆலிவர் வீட்ட 4,000 பேர் சூழ்ந்து நின்னு, ராஜா குடுத்த கவுன்சில் பதவிய விடுன்னு கேட்டாங்க. அவர் ராஜினாமால கையெழுத்துப் போடுறப்போ, என் வீட்டச் சுத்தி 4,000 பேர் நிக்கிறாங்க, அவங்க உத்தரவுக்காகக் கையெழுத்துப் போடுறேன்னு சேத்து எழுதிட்டாரு.

செப்டம்பர் 6 வூஸ்டர். சுத்து வட்டாரத்துல 37 ஊர்லேர்ந்து 4,622 பேர், ஊர் ஊரா அணி பிரிச்சு மெயின் ரோட்ல ரெண்டு பக்கமும் வரிசையா நின்னாங்க. நீதிபதி, ஷெரீஃப், வக்கீல், கோர்ட்டு ஆளுங்க அத்தனை பேரும் தொப்பியக் கழட்டி கைல வச்சுக்கிட்டு அந்த வரிசை நடுவுல நடக்கணும், நடந்துக்கிட்டே "இந்தச் சட்டத்துக்குக் கீழ கோர்ட்டு நடத்த மாட்டோம்"ங்கற உறுதிய வாசிக்கணும். எல்லா அணிக்கும் காது கேக்கணும்ல, அதனால முப்பது தடவைக்கு மேல வாசிச்சாங்க. ஒரு தோட்டா வெடிக்கல, ஒருத்தருக்கும் காயம் இல்ல. அந்த நாளோட அந்தக் கவுன்டில (மாவட்டத்துல) பிரிட்டிஷ் அதிகாரம் முடிஞ்சு போச்சு, லெக்ஸிங்டனுக்கு ஏழு மாசம் முன்னாடியே. கேஜ் வூஸ்டருக்குப் படை அனுப்பறதாத்தான் இருந்தாரு, அந்த வதந்தி நாள் கூட்டத்தப் பாத்துட்டு அனுப்பாம பாஸ்டனுக்குள்ளயே கோட்டை கட்டி உக்காந்துட்டாரு. அவர் கைல இருந்தது மூவாயிரம் பேர் அளவுக்குத்தான், லண்டனுக்கு எழுதுறாரு, பத்தாயிரம் பேர் போதும்னு நீங்க நினைச்சா இருபதாயிரம் அனுப்புங்கன்னு. கொஞ்ச நாள் இந்தச் சட்டங்கள நிறுத்தி வைக்கலாம்னு கூட எழுதிப் பாத்தாரு, ராஜா ஏத்துக்கல.

திண்ணைவாசி:
காயம் இல்லைன்னு சொல்றீங்க, பயம் இல்லைன்னு சொல்ல முடியுமா? 4,000 பேர் வீட்டச் சுத்தி நின்னு கையெழுத்து வாங்குறது என்ன நியாயம்? டான்டன்ல டேனியல் லெனார்டுங்கற கவுன்சிலர் வீட்டு மேல துப்பாக்கியால சுட்டாங்க, அவர் குடும்பத்தோட பாஸ்டனுக்கு ஓடினாரு. ராஜா மேல விசுவாசமா இருந்தவனும் அதே மண்ணுல பொறந்தவன்தானே. அவன் தரப்பையும் உங்க பொண்ணுக்கு சொல்லிக் குடுங்க மேடம்.

வக்கீல்_குமாஸ்தா:
திண்ணைவாசி சொல்றத நான் ஒத்துக்கறேன். மிரட்டி வாங்கின கையெழுத்து எங்க கோர்ட்டுல நிக்காது. ஆனா எதிர்ப்பக்கமும் பாருங்க, அவங்க ஓட்டுப் போட்டு வச்சிருந்த கவுன்சிலத் தூக்கிட்டு மேலேர்ந்து 36 பேர நியமிச்சப்ப யாரக் கேட்டாங்க? மனு குடுக்கலாம்னா குடுக்குற சபையையே கலைக்கிறாங்க.

பனங்காடு:
எனக்கு மனசில நிக்கிறது வேற ஒரு கூட்டம். 1774 மே மாதம், துறைமுகம் மூட முதலே, மாசசூசெட்ஸில அடிமையளா இருந்த ஆக்கள் இதே கேஜிட்ட ஒரு மனு குடுத்தவை, எங்களுக்கும் விடுதலை பிறப்புரிமைதானே எண்டு. இஞ்ச சுதந்திரம் எண்டு கத்தின ஆக்களின்ர சட்டசபையும் அதுக்கு ஒரு முடிவும் சொல்லேல்லை, கவர்னரும் சொல்லேல்லை. பிள்ளைக்குச் சொல்லேக்க இதையும் விடாதேங்கோ அக்கா.

நித்யா_அம்மா:
கண்டிப்பா சொல்றேன் பனங்காடு, இது எனக்கே தெரியாது. திண்ணைவாசி சார் சொன்னதையும்.

பழையகாகிதம்:
பனங்காடு சொன்னதோட சேத்து ஒண்ணு. செப்டம்பர் 5 பிலடெல்ஃபியால கார்பென்டர்ஸ் ஹால்ல மாநாடு கூடுச்சு, 12 காலனி, 56 பேர், ஜார்ஜியா மட்டும் வரல, அவங்களுக்கு எல்லைல கிரீக் பழங்குடியோட சண்டை வந்தா பிரிட்டிஷ் படை வேணும்ங்கற பயம். எல்லாரும் கொதிச்சுப் போய் வந்தாங்கன்னு இல்ல, ஜோசஃப் காலோவே பிரிட்டனோட சேர்ந்தே ஒரு பொது சபை வச்சுக்கலாம்னு திட்டம் கொண்டு வந்தாரு, ஒரே ஒரு ஓட்டுல தள்ளிப் போச்சு. அக்டோபர் 20 அவங்க போட்ட ஒப்பந்தம்தான் பெரிய ஆயுதம். டிசம்பர் 1லேர்ந்து பிரிட்டிஷ் சரக்கு இறக்குமதி கிடையாது, அதே தேதிலேர்ந்து அடிமைகள கப்பல்ல கொண்டு வந்து வாங்குறதும் கிடையாது. அப்படியும் சட்டம் மாறலன்னா 1775 செப்டம்பர் 10லேர்ந்து ஏற்றுமதியும் நிக்கும். அடிமை முறை அப்படியேதான் இருந்துச்சு, பனங்காடு சொன்ன குறை குறைதான்.

இத நடத்த ஒவ்வொரு ஊர்லயும் கமிட்டி. யாரு வாங்குறா யாரு விக்கிறான்னு பாப்பாங்க, மீறினவன் பேர பத்திரிகைல போட்டுடுவாங்க, அப்புறம் அவன் கடைக்கு ஒரு ஈ காக்கா வராது. வட கரோலினால ஈடன்டன்ங்கற ஊர்ல 51 பொம்பளைங்க அக்டோபர் 25 தேதி போட்டு பேரோட கையெழுத்துப் போட்டு, மாகாணம் எடுத்த புறக்கணிப்பு முடிவுக்கு நாங்களும் கட்டுப்படுறோம்னு அறிக்கை விட்டாங்க, லண்டன்ல அத கேலி பண்ணி படம் போட்டாங்க. பொம்பளைங்க அரசியல் தாள்ல சொந்தப் பேர எழுதுறதே அந்தக் காலத்துல பெரிய விஷயம். உங்க பொண்ணுக்கு இத மொதல்ல சொல்லுங்க மேடம்.

நித்யா_அம்மா:
மொதல்ல அததான் சொன்னேன், சந்தோஷப்பட்டா. உடனே ரெண்டு கேள்வி கேட்டா. அந்த டீ நம்ம அஸ்ஸாம் டீயா? கவர்னர் பேச்ச யாரும் கேக்கலன்னா வரிப்பணம் யாருகிட்ட போச்சு?

பழையகாகிதம்:
டீ சீனாவோடது, கம்பெனி கான்டன்ல வாங்கி லண்டன் வழியா அனுப்பினது. அஸ்ஸாம்ல தோட்டம் வந்ததெல்லாம் அதுக்கு அறுபது வருஷத்துக்கும் மேல கழிச்சு. கம்பெனி மட்டும் நம்ம ஊரு ஆண்ட அதே கம்பெனி. இன்னொரு ஆளும் பொது, இந்தப் போர்ல 1781ல யார்க்டவுன்ல சரணடைஞ்ச பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ்தான் அப்புறம் இங்க கவர்னர் ஜெனரலா வந்து திப்பு மேல படை எடுத்தாரு.

வரி கேள்வி சூப்பர். அக்டோபர்ல மாசசூசெட்ஸ் ஜனங்க தாங்களே மாகாண மாநாடுன்னு கூடி, ஜான் ஹான்காக்க தலைவரா வச்சு, இனிமே ஊர் வரிய அரசாங்கக் கஜானா பாக்குற ஹாரிசன் கிரே கிட்ட கட்டாதீங்க, ஹென்றி கார்ட்னர் கிட்ட கட்டுங்கன்னு சொல்லிட்டாங்க. ஊர்க்கூட்டங்க ஒண்ணொண்ணா அதுக்குத் தீர்மானம் போட்டுச்சு. அக்டோபர் 4 வூஸ்டர் ஊர்க்கூட்டம் தன் பிரதிநிதி திமோதி பிகலோங்கற கொல்லர் கிட்ட எழுதிக் குடுத்து அனுப்புது, பழைய ஆட்சி செத்துப் போச்சுன்னு எடுத்துக்கிட்டு புதுசா ஒண்ண எழுப்புங்கன்னு. சுதந்திரப் பிரகடனத்துக்கு 21 மாசம் முன்னாடி.

கடல்நண்டு:
துறைமுகம் எப்ப சார் திறந்துச்சு? யாரும் சொல்லவே இல்லையே.

பழையகாகிதம்:
லண்டன் திறந்து விடல கடல்நண்டு. சண்டை வந்து, ஊர முற்றுகை போட்டு, 1776 மார்ச் 17 பிரிட்டிஷ் படை கிட்டத்தட்ட 120 கப்பல்ல ஏறி ஹாலிஃபாக்ஸ் போறப்பதான் அந்தத் துறை அவங்க கையவிட்டுப் போச்சு. ராஜா பக்கம் நின்ன ஊர்க்காரங்க ஆயிரம் பேருக்கு மேல அதே கப்பல்ல போனாங்க, திண்ணைவாசி சொன்ன லெனார்டும் போனாரு, 4,000 பேருக்கு நடுவுல கையெழுத்துப் போட்ட ஆலிவரும் போனாரு. அந்த ஆட்சி முறைச் சட்டத்த பார்லிமென்ட் 1778ல வாபஸ் வாங்குச்சு.